யோனாவின் கால்

கொட்டாஞ்சேனைச் சபை மண்டபத்தில்
பாய் விரித்துப் படுத்தார்கள் ஒன்பது பேர்.
ஞாயிறு பள்ளிச் சுவரில்
மரியெட்டா ஒரு திமிங்கிலம் வரைந்தாள்.
யோனாவுக்கு இடம் போதவில்லை,
கால் மட்டும் வாய்க்கு வெளியே.

பிள்ளைகள் சிரித்ததை
நான் மொழிபெயர்க்கவில்லை.

பாணும் பருப்பும் மூன்றாம் நாளே பழகிற்று.
மழை பெய்தாலும், கான் நிரம்பி வாசலுக்கு வந்தாலும்
'ஹரி, ஹரி' என்பாள்,
கற்றுக்கொண்ட ஒரே சொல்.

பதினான்காம் நாள், கட்டுநாயக்கா போகும் வானில்
ஒரு இடம் மிச்சம். வாடகை மிச்சம் என்று
தங்கை பெனடிக்டாவும் ஏறினாள்:
குவைத், இரண்டு வருடம், ஒரு வீடு, ஏழு பிள்ளைகள்.

வத்தளைச் சந்தி நெரிசலில் மரியெட்டா கேட்டாள்.
நான் தமிழில் சொன்னேன்:
"நீயும் ஊழியத்துக்கா போறாய் எண்டு கேக்குறா."
"ஓம் எண்டு சொல்லு"
என்றாள் தங்கை, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி.
மரியெட்டா அவள் கையைப் பிடித்து
பேலியகொடைப் பெயர்ப்பலகை போய்
வெகுநேரமாகியும் ஜெபித்தாள்.

நேற்று இரவு அழைப்பு,
குரலைத் தாழ்த்தி, குளியலறையிலிருந்து:
"அந்தக் கால் இன்னும் இருக்கா?"

இருக்கு என்றேன்.
அடுத்த குழு வந்து
போன கிழமைதான் வெள்ளையடித்தது.