ஒளிபரப்பு

பெட்டிக்கு அடியில் ஒட்டியிருந்த எண்ணைப் படித்து
செட்டிங்ஸுக்குள் போய்
'பெயரைக் காட்டு' என்றிருந்த கட்டத்தில்
டிக்கை எடுத்தேன்.
அவ்வளவுதான்.
பிலாவிளை வீடு காற்றிலிருந்து காணாமல் போனது.

கேட்டவர்களுக்குச் சொன்ன காரணம்
மேற்கு மதிலில் சாய்ந்து நின்று
ஓசியில் பந்துகளி பார்க்கிற பயல்கள்.
சொல்லாத காரணத்துக்கு
செல்வின் ராஜ் என்று பெயர்.
என் கூடப்பிறந்தவன்.
ஏழே முக்கால் சென்டுக்காக
என்னைப் 'பிரதிவாதி' என்று எழுதிக்கொடுத்தவன்.
களியக்காவிளை செக்போஸ்ட்டைத் தாண்டி
பாறசாலையில் இப்போது டைல்ஸ் கடை, வாடகை வீடு.
பைக்கில் பத்து நிமிஷம். வேறு மாநிலம்.

வீட்டுப் பேரையே இங்கிலீஷில் தட்டி
வைஃபைக்கு வைத்ததும் அவன்தான்.
கடவுச்சொல் ரேஷன் கார்டின் கடைசி எட்டு எண்.
அதை நான் மாற்றவில்லை.
ஏனென்று கேட்காதீர்கள்.

மறுநாளே தொடங்கியது.
பிரிண்டர் சிவப்பாய் முழித்தது.
ஏத்தங்குலை லோடு ஏற்றிய லாரி
எஞ்சினை அணைக்காமல் பில்லுக்கு நிற்க
நான் பேரைக் கையால் அடித்துக்கொண்டிருந்தேன்,
முதல் எழுத்து பெரிசா சிறிசா என்பதை மறந்து.
டிவி ராத்திரியில் கழன்றுகொண்டது.
அனிஷாவின் புது டேப்
அப்படியொரு வீடே இல்லையென்றது.
என் போன் அடுக்களைக்கும் மாட்டுத்தொழுவத்துக்கும் நடுவில்
பிடி விட்டு எல்லை தாண்டி
'கேரளத்துக்கு நல்வரவு' வாங்கிக்கொண்டு
நடுக்கூடத்துக்குத் திரும்பி வந்தது.

உதியன்குளங்கரை ஷிபு வந்தான்.
ஏணியை மாவில் சாத்திவிட்டு,
ஏறவேயில்லை, சிரித்தான்.
"பேரை ஒளிச்சா பெட்டி மிண்டாது சேச்சி.
அப்போ போன்தான் விளிக்கணும்.
ஒருக்கா சேர்ந்த போனு,
அதும் பழைய போனு,
போற எடமெல்லாம் விளிச்சோண்டே போவும்,
இங்க உண்டா, இங்க உண்டான்னு.
பஸ்ஸில, பேங்கில, பள்ளியில.
இதாக்கும் நீங்க ஒளிச்ச ஒளிப்பு."

எட்டாம் வேற்றுமைக்கு உருபு கிடையாது
என்று ஒன்பதாம் வகுப்பில் எழுதி
ஒரு மார்க் வாங்கினேன்.
ஒளி என்றால் வெளிச்சம்.
ஒளி என்றால் மறை.
ஒளிபரப்பு என்று பேர் வைத்த புண்ணியவான்
எதை நினைத்து வைத்தாரோ.

அன்று ராத்திரி பெட்டியின் பக்கத்தைத் திறந்து
யாரெல்லாம் உள்ளே என்று பார்த்தேன்.
என் போன். டிவி.
கெஞ்சிச் சேர்த்த பிரிண்டர்.
நாலாவதாக ஒன்று: செல்வின்.
பதினொன்று பத்துக்கு வந்திருந்தது.
சிக்னல் ஒரே கோடு.
ஒரு கோடு என்றால் கேட்டுக்கு வெளியே,
முன்பு பிலா நின்ற, இப்போது
சர்வேக் கல் நிற்கிற இடம்.

பக்கத்தில் 'தடு' என்று ஒரு பட்டன்.
விரல் அதன்மேல் கொஞ்ச நேரம் இருந்தது.
விளக்கைப் போடவில்லை.
நாயும் குரைக்கவில்லை, அதற்கு அவனைத் தெரியும்.
அவன் எதையும் பார்க்கவில்லை,
எதையும் இறக்கவில்லை,
டேட்டா பூஜ்யத்திலேயே நின்றது.
அவனுக்கே தெரிந்திருக்காது.
சட்டைப் பைக்குள்ளிருந்து அது விளித்திருக்கிறது.
வீடு பதில் சொல்லியிருக்கிறது,
என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

பதினொன்று பதினாறுக்குப் பட்டியலில்
மூன்றுதான் இருந்தன.

காலையில் டிக்கைத் திரும்பப் போட்டேன்.
பிரிண்டருக்காக என்றேன் அனிஷாவிடம்.
அவள் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

வியாழக்கிழமை குழித்துறை கோர்ட்டில் வாய்தா.
வராந்தாவில் வைத்து வக்கீல் பெனடிக்ட் கேட்டார்:
"எதிர்த்தரப்போடு
இடையில் ஏதாவது தொடர்பு உண்டா?"
தூணுக்கு அந்தப் பக்கம் அவன்,
நரைத்த தாடியோடு போனைத் தடவிக்கொண்டு.

இல்லை என்றேன்.
சொல்லும்போது தொண்டை கொஞ்சம்
ஒரு கோட்டுக்கு இறங்கியது.