கார்டோ

பன்னிரண்டு விதைகள்.
சாம்பல் நிறம், சூரியகாந்தி விதைக்குத் தூரத்துச் சொந்தம்.
இரவு முழுக்கக் காபிக் கோப்பையில் ஊறவிட்டு,
உறைபனி போய்விட்டதென்று யாரும் உறுதி சொல்லாத
ஒரு செவ்வாய்க்கிழமை
நேராக மண்ணில் வைத்தேன்.

தொட்டியில் முளைக்கவைத்துப் பெயர்த்து நடலாம் என்கிறார்கள்.
நட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
ஆணிவேர்.
இறங்கினால் இறங்கியதுதான்.

எப்ரோ ஆற்றங்கரையின் இந்தத் துண்டு நிலம்
விவாகரத்தில் எனக்கு வந்தது.
வீடு எலோய்க்கு.
நாய்க்கு யாரும் வழக்காடவில்லை,
அதுவே என் பின்னால் நடந்து வந்தது.

எங்கள் ஊரில் கார்டோ என்றால் செடி மட்டுமல்ல.
சிரிக்காதவளை, கிட்டப் போனால் கீறுகிறவளை
"அவளா, அவள் ஒரு கார்டோ" என்பார்கள்.
ரயில் நிலையத்துச் சீட்டு ஜன்னலுக்குப் பின்னால்
முப்பத்தொரு வருடம்
அந்தப் பெயரோடு சில்லறை எண்ணியிருக்கிறேன்.
ஒரு ரூபாயும் தவறியதில்லை என்பார்களே,
எங்கள் காசில் ஒரு சென்ட்டும் தவறியதில்லை.

ஏழு முளைத்தன,
விதைத்தோலைத் தொப்பியாக மாட்டிக்கொண்டு.
நத்தைகளுக்கு இரண்டு.
நாய் தோண்டியதில் ஒன்று.
மிச்சம் நான்கு, ஒரே பையின் விதைகள்,
ஆனால் ஒன்றுக்கொன்று சாயல் இல்லை:
ஒன்று முள்ளே இல்லாமல் மழமழவென்று,
ஒன்று இலை நுனியெல்லாம் ஊசியாக.
அதற்குத்தான் முதலில் தண்ணீர் ஊற்றுவேன்.

ஆகஸ்டில் இடுப்பளவு.
சியர்சோ காற்று வடமேற்கிலிருந்து இறங்கும்போது
இலைகள் அடிப்பக்கத்து வெள்ளியைக் காட்டும்,
கரையில் துள்ளுகிற மீன்கள் மாதிரி.

அக்டோபர் கடைசியில் எலோய் வந்தான்,
ஒரு கட்டுப் பழைய செய்தித்தாள், சணல் கயிறு.
முடிச்சுப் போடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை,
அதை நீதிபதியிடமே சொல்லியிருக்கிறேன்.
தண்டின் கசப்பு இறங்க ஒரு மாதம் இருட்டு வேண்டும்.
நான் முழங்கைவரை கையுறை போட்டு
இலைகளை வாரி அணைத்துப் பிடிக்க
அவன் என்னையும் செடியையும் சேர்த்துச் சுற்றி வந்து
கயிற்றை இறுக்கினான்.
இருவரும் பேசவில்லை.
அவன் காதில் அதே சவரச் சோப்பு வாசம்.

மூன்று கட்டி முடித்ததும்
நான்காவதை, முள்ளுக்காரியை, விடு என்றேன்.
"விட்டால் பூத்துவிடுமே."
"பூக்கட்டும்."
"பூவைத் தின்ன முடியுமா?"
"பார்க்க முடியும்."
மிச்சக் கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டான்.
கயிறு அவனுடையதுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்
வெளுத்த தண்டுகளில் நார் உரித்தேன்.
எத்தனை எலுமிச்சை தேய்த்தாலும் விரல் கறுக்கும்.
வேகும் தண்ணீரில் ஒரு பிடி மாவு,
பிறகு பாதாம் அரைத்த குழம்பு.
மூடிபோட்ட பாத்திரத்தோடு
ஒரு காலத்தில் என் கதவாயிருந்த கதவைத் தட்டினேன்.
திறந்தவனின் விரல்களும் கறுத்திருந்தன.
அவன் பங்கை அவனும் உரித்திருக்கிறான்.
உள்ளே வா என்றான்.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.
அடுத்த பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்து.
சீட்டு விற்றவளுக்குத் தெரியாதா?

வெட்டிய மூன்றும் மார்ச்சில்
அடிவேரிலிருந்து தானாக எழுந்தன.
நான்காவது என் தலையைத் தாண்டிப் போய்
ஜூலையில் ஊதா நெருப்புப் பற்றிக்கொண்டது.
வண்டுகள் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல்
பூவிலேயே கவிழ்ந்து தூங்கின.
எலோய் வெறுங்கையோடு வந்து
தொப்பியைக் கழற்றாமல் அண்ணாந்து நின்றான்.
"இவ்வளவு உயரமா?" என்றான்.
ஒரு இலையைத் தொட்டு, குத்திக்கொண்டு,
விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

செப்டம்பரில் மறுபடி வந்தபோது
பூ வெடித்துப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது.
விதையோடு ஒன்று அவன் கோட்டுக் காலரில் உட்கார்ந்தது.
அந்த வீட்டுப் பால்கனியில்
என் பழைய தொட்டிகள் இன்னும் காலியாக இருக்கும்.

காலரில் என்னவோ இருக்கிறது என்று
நான் சொல்லவில்லை.