கேள்வி எண் முப்பத்தொன்பது

முத்தையன்கட்டு இடதுகரையில்
பதினோராவது வீடு.
ஒரு வீட்டுக்கு இருநூற்றெழுபது ரூபாய் எனக்கு,
பஸ் காசு என்னுடையது.
இன்பராணி பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துத் தந்துவிட்டு
கச்சான் கோதுகளின் நடுவில்
சாக்கை விரித்து இருந்தார்.
விரல்கள் நிற்கவில்லை.
கிலோ உடைத்தால் நாற்பது ரூபாய்.
அதைக் கேட்கும் கேள்வி வர
இன்னும் பன்னிரண்டு கிடந்தது.

முதலில் சொத்துக்கள்.
பிரிட்ஜ்?
ஓம் என்றார். சரி போட்டேன்.
பிறகு, நான் கேட்காமலே, திறந்து காட்டினார்:
காணி உறுதி, லீசிங் துண்டு,
விதைப்பயறு ஒரு பை,
மகளின் ஓஎல் சான்றிதழ்.
"எலி ஏறாத இடம் இது ஒண்டுதான்.
வயரைக் கழட்டி ரெண்டு வருசம்."
படிவத்துக்கு வயர் தெரியாது.
புள்ளி கூடியது.

மோட்டார்சைக்கிள்? ஓம்.
தவணை இன்னும் பத்தொன்பது.
புள்ளி கூடியது.
போன்? மூன்று. ஒன்றில்தான் குரல் வரும்.
திரையின் மூலையில் சின்னப் பச்சைக் கோடு
பாகற்கொடி போல ஏறிக்கொண்டு போனது.
அரை மணித்தியாலத்தில் ஒரு குடும்பத்தை
வறுமைக் கோட்டுக்கு மேலே தூக்கிவிட்டேன்,
ஒரு சதமும் கொடுக்காமல்.

குடிநீர் எவ்வளவு தூரம்?
"மாரியிலயோ கோடையிலயோ?"
அந்தப் பிரிவு படிவத்தில் இல்லை.
"கோடையில, செவ்வாய்க்கிழமை தூரம்."
பவுசர் வரும் நாள்.
மீற்றரில் எழுது என்கிறது பயிற்சிக் கையேடு.
ஐந்நூறு என்று போட்டேன்.
பொய் எது, சராசரி எது,
அந்த வெயிலில் எனக்குப் பிடிபடவில்லை.

குரல் வரும் போன் அடித்தது.
பேர்கனில் தங்கச்சி.
வகுப்பில் காட்டிய நாடுகளின் பட்டியலில்
அண்ணாந்து பார்க்கவேண்டிய இடத்தில் நிற்கும் நாடு.
இரவு வேலை முடிந்து பஸ்சுக்கு நிற்கிறாளாம்,
அங்கே இன்னும் இருட்டாம்.
"அக்கா, அனுப்பினது கிடைச்சுதோ?
பல்லுக் கட்டினனியோ?
என்ர பல்லும் ஆடுது, இங்க பல்லுக்குத் தனியக் காசு.
நீ முதல் உன்ரயைப் பார்."
வாங்கும் திறனை நாட்டுக்கு நாடு சமப்படுத்துவது எப்படி என்று
வகுப்பில் ஒரு முழுக் காலை எடுத்தார்கள்.
பல்லைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

முப்பத்தொன்பது.
இதைப் படத்தோடு காட்டவேண்டும்:
பத்துப் படி ஏணி.
உச்சிப்படி, நீங்கள் நினைக்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை.
அடிப்படி, மிக மோசமானது.
இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

அன்றைக்கு முதன்முறையாக விரல்கள் நின்றன.
படத்தை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"ஏணி எதில சாத்திக் கிடக்கு?"

நானும் பார்த்தேன்.
வெறும் வெள்ளைத் தாளில் நட்டுக்கு நிற்கும் ஏணி.
சுவர் இல்லை, மரம் இல்லை,
கீழே பிடித்துக்கொள்ள ஆளில்லை.
எத்தனையோ நாடுகளில் இதே ஏணி
இப்படித்தான் நிற்கிறது என்றேன்.
"விழாமலோ?"

திரும்பவும் கச்சானை எடுத்தார்.
நாலைந்து கோது உடைந்தபின்
"மூண்டு போடு பிள்ளை."
நிவாரணம் வரும் என்று குறைத்துச் சொல்கிறாரோ?
ஏன் மூன்று என்று கேட்டுவிட்டேன்.
கேட்கக்கூடாது என்பது விதி.

"ஆறில நிண்டிருக்கிறன். ஏழிலயும் ஒருக்கா.
மூண்டில இருந்து குதிச்சா
கால் முறியாது."

மூன்றை அழுத்தினேன்.
குறிப்புகள் என்ற பெட்டியை
இந்த வருசம் எடுத்துவிட்டார்கள்,
எங்கள் ஆட்கள் அதிகம் எழுதுகிறார்களாம்.

பன்னிரண்டாவது வீடு பூட்டிக் கிடந்தது.
பூட்டிய வீட்டுக்குக் காசில்லை.
ஒட்டுசுட்டான் சந்தியில்தான் சிக்னல் பிடித்து
பதினொரு குடும்பமும்
ஒரே ஒரு கிணுங்கில் கொழும்புக்குப் போயின.
பைக்குள் கைவிட்டால் ஒரு சரை கச்சான்,
எப்போது வைத்தாரோ.
அன்பளிப்பு வாங்கினால் பதியவேண்டும்.
வவுனியா பஸ்சில் இடமில்லை.
கதவடியில் இரண்டாவது படியில் நின்று
உடைத்து உடைத்துத் தின்றுகொண்டு போனேன்.