ஏழாம் வரிசை

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தேன்.
கடியபட்டணத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த சிலுவைப்பிச்சை
குழாயை வாங்கிச் சிரித்தார்:
"துப்பாதே துப்பாதேன்னு ஊரெல்லாம் போர்டு.
நீ துப்பச் சொல்லுதியே, பிள்ளே."

துப்பக் கூடாது. குனிந்து வழிய விட வேண்டும்.
நாற்பது வருட வெற்றிலை வாய்க்கு
அதுவே பெரும்பாடு.
இரண்டு மில்லி தேறியது.

ஐஸில் வைத்து, சுழற்றி, கசடு நீக்கி,
தெளிந்ததைச்
சக்கக்குருவின் புரதம் நிரப்பிய கண்ணாடித் தண்டில்
சொட்டுச் சொட்டாய் விட்டேன்.

வருகிற எதையும் சட்டை செய்யாது அது.
சர்க்கரைச் சட்டை போட்ட புரதம் வந்தால் மட்டும்
பொத்தானைப் பிடித்து நிறுத்தும்.
விடுவிக்க, இன்னொரு சர்க்கரையை ஊற்ற வேண்டும்;
புதியதைப் பிடிக்கப் பழையதை விடும்.

மத்தியானம் டிபன் பாக்ஸில்
சக்கக்குருவும் மாங்காயும்.
வெந்துபோனது, இனி எதையும் பிடிக்காது.

நாலு மணிக்கு ஜெல்லில் வெள்ளிச்சாயம் ஏறியது.
ஒன்றாம் வரிசை என் எச்சில். மெலிந்த கோடு.
ஏழு,
ஈரமணலில் வள்ளம் இழுத்த தடம்.

மறுபடி ஓட்டினேன். அப்படியேதான்.
இது ஆராய்ச்சி, நோய்முடிவு அல்ல என்று
அவர் கையெழுத்திட்ட தாளிலேயே இருக்கிறது.
பெயர்ப் பட்டியல் மேடத்தின் பூட்டிய அலமாரியில்.
குழாயில் ஏழு என்று எழுதியது நான்.

"கடலுக்குப் போகலியா?"
"காத்து கனமாக் கெடக்கு."
"அப்போ நாளைக்கு ஆசாரிபள்ளம் வாருங்களேன்."
"இன்னும் துப்பணுமா?"
"வேண்டாம்.
வாயைத் திறந்தா போதும்."