கச்சான் மாதங்கள்

வைகாசி கழியும்போதே
தெற்குக் கடலிலிருந்து கச்சான் கிளம்பிவிடும்.
முதல் நாள் ஜன்னல் கம்பியில் ஒரு பிசுபிசுப்பு.
மூன்றாம் நாள் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம்,
அவ்வளவு உப்பு.
ஒரு வாரம் விட்டால்
ரோஜா இலைகளின் ஓரம்
அணைத்துப்போட்ட பீடி மாதிரி கருகியிருக்கும்.

அதற்குள் தூக்கிவிட வேண்டும்.
பதினேழு தொட்டிகள்.
தொட்டி என்பது ஒரு மரியாதைக்கு:
பெயின்ட் டப்பா, வாய் உடைந்த குடம்,
இறால் கம்பெனிக்காரன் எறிந்த தெர்மாகோல் பெட்டி.
ஒன்றே ஒன்று அசல் மண்,
மானாமதுரையில் பேரம் பேசாமல் வாங்கியது.

வீடு ஒன்றரை அறை.
மணி பிளான்ட் டிவி மேல்,
கறிவேப்பிலை கட்டிலின் கால்மாட்டில்.
தங்கச்சிமடத்து மல்லிப் பதியன் ஆறும்
மெற்றில்டாவின் தையல் மிஷினுக்கு அடியில்.
மிதிக்கும்போது இலை பாதத்தில் உரசுகிறதாம்,
கூச்சத்தில் தையல் கோணுகிறதாம்,
கோணல் ஜாக்கெட்டுக்கு எவள் காசு தருவாள் என்கிறாள்.
நியாயம்தான்.
குரோட்டன்ஸை மட்டும் சுவரோரம் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.

எனக்கு வேலை ஐஸ் கம்பெனியில்.
மண்டபத்தில் பனி கொட்டிப் பார்த்தவர் கிடையாது,
என்னைத் தவிர.
பார் ஒன்று ஐம்பது கிலோ.
கொக்கி போட்டு இழுத்து அரவையில் தள்ளினால்
மறுபக்கம் வெள்ளையாய்ப் பொழிந்து
படகின் வயிறு நிறையும்.
அதில் எதுவும் முளைக்காது.
செத்த மீன் நாறாமல் இருக்கும்.

ஆனால் உருகினால் நல்ல தண்ணீர்.
எங்கள் தெருக் கிணறு கடலுக்குத் தங்கச்சி;
குடம் பன்னிரண்டு ரூபாய் லாரித் தண்ணீரைச்
செடிக்கு ஊற்றினால்
வீட்டில் இரண்டு நாள் பேச்சு நின்றுவிடும்.
அதனால் ஷிஃப்ட் முடிந்ததும்
அரவையடியில் சிதறிய உடைசலைச் சாக்கில் கட்டி
சைக்கிள் கேரியரில் ஏற்றுவேன்.
சூப்பர்வைசர் காசிலிங்கம் பார்ப்பார்.
"சர்பத் கடை போட்டுட்டியாய்யா?"
கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

ரயில்வே கேட் மூடியிருந்தால் பாதி ரோட்டுக்கு.
திறந்திருந்தால் ஒன்றரை வாளி.
குளிர் இறங்க ராத்திரி பத்தாகும்.
போன வருஷம் பொறுக்காமல் ஊற்றி
ஒரு பெகோனியாவைக் கொன்றேன்.

வெளியே ஓட்டைக் காற்று பிடித்து ஆட்டும்.
உள்ளே எல்லாம் ட்யூப்லைட்டைப் பார்த்து
மெல்லக் கழுத்தைத் திருப்பும்.
ஞாயிற்றுக்கிழமை திருப்பி வைப்பேன்,
புதன்கிழமைக்குள் மறுபடி அங்கேயே பார்க்கும்.
வெயில் என்று நம்பித்தான்.
நான் சொல்லிக்கொள்ளவில்லை.

உள்ளே கொண்டுவர முடியாதது முருங்கை.
ஆடி அமாவாசைக் கூட்டத்தோடு
ராமேஸ்வரம் ரயில் பிதுங்கிப் போன அன்று
அதில் ஒரு இலை இல்லை.
படகுகள் எல்லாம் வடக்குக் கடலுக்கு மாறியாயிற்று,
அதற்குத்தான் மாற இடமில்லை.
"வெட்டிப் போடுங்க, விறகாவது ஆகும்"
என்று பக்கத்து வீட்டு ஜெயினுலாபுதீன்
கோடாலியையே கொண்டுவந்து சாத்திவிட்டுப் போனார்.
ஒரு வாரமாகச் சுவரில் அது
உப்புப் பூத்துக்கொண்டிருந்தது.

நேற்று இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது.
எதற்கென்று தெரியாமல் படுத்திருந்தேன்.
பிறகுதான் தெரிந்தது:
சத்தம் இல்லை.

செல்போன் வெளிச்சத்தில் போய்
கட்டைவிரல் நகத்தால் முருங்கையைக் கீறினேன்.
மேலே உப்பு. அதற்கடியில் சாம்பல் தோல்.
இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.
பச்சை,
நகக்கண்ணில் ஈரமாக.

உள்ளே வந்து மெற்றில்டாவை எழுப்பிக் காட்டினேன்.
என் விரலைத் தூக்கக் கண்ணால் பார்த்தாள்.
"விடிஞ்சதும் இந்தக் கறிவேப்பிலையை எடு,
மூணு மாசமா நான் காலை நீட்டலை"
என்று திரும்பிப் படுத்தாள்.