இஞ்ஞோத்தம்மாள்

கூழ் ஆலையில் மாம்பழச் சீசன் முடிந்து
பால் பட்ட விரல்கள் இன்னும் தோலுரியும் ஆவணியில்
ததேயுஸ் சாமி ஆளனுப்பினார்.
பழைய அடக்கப் பதிவேட்டைப் படமெடுக்கிறார்களாம்,
பக்கம் புரட்ட நிதானமான கை வேண்டுமாம்.

போனேன்.
என் பேர் அதில்தான் இருக்கிறது.

சாமந்திக்கொட்டாயில் எல்லாருக்கும் தெரியும் அது.
கல்லறைத் திருநாளில் உபதேசியார் தொம்மையப்பன்
முதல் பக்கத்திலிருந்து வாசிப்பார்:
இஞ்ஞோத்தா, இஞ்ஞோத்தா, இஞ்ஞோத்துஸ், இஞ்ஞோத்தா…
மூச்சு வாங்கும் இடத்தில் நாங்கள்
நித்திய இளைப்பாற்றி கேட்போம்.

பெரிய குடும்பம் என்று நினைத்திருந்தோம்.
கோயிலுக்கு நிலம் எழுதி வைத்த குடும்பம் என்றார்கள் மேலத்தெருவில்.
இல்லை, காலராவில் ஊருக்கே தண்ணீர் சுமந்தவர்கள் என்றார்கள்
தண்ணீர் வராத கீழத்தெருவில்.
பிழைக்காது என்று ஆஸ்பத்திரி கைவிட்ட பிள்ளைக்கு
அந்தப் பேரை வைத்தால் பிழைக்கும்.
நான் எட்டாம் மாதத்தில் பிறந்தேன்.
சித்தப்பா இஞ்ஞோத்துராசு
வயிற்றுப்போக்கில் மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்து
இன்றைக்கு லாரியில் கிரானைட் ஏற்றுகிறார்.

ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி,
வங்கியில் 'இக்நேசி' என்று அடித்துக் கொடுத்தார்கள்.
திருத்தப் போன இடமெல்லாம் கேட்டார்கள்:
இது என்ன பேரம்மா?

ஏடு விரித்தோம்.
கரையான் ஓரம் தின்றிருந்தது, மை பழுப்பாகியிருந்தது.
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தேழு.
தாடிச் சாமி கஞ்சித்தொட்டி வைத்த வருஷம்.
இப்போது மிக்கேல் சம்மனசு நிற்கிற இடத்தில்
கேழ்வரகுக் கொப்பரை கொதித்ததாம்.
கோயிலுக்கு முன்னால் இங்கே இருந்தது அடுப்பு.

ததேயுஸ் சாமி விரலை வைத்து வாசித்தார்,
நிறுத்தினார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இஞ்ஞோத்தம்மா, இது பேர் இல்லை.
லத்தீன்.
'தெரியாதவள்' என்று எழுதியிருக்கிறார்."

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.
அதற்குத்தானே வந்தேன்.

தெரியாதவள், சுமார் முப்பது, வடக்கிலிருந்து நடந்து வந்தவள்.
தெரியாதவன், சிறுவன், கையில் ஓடு.
தெரியாதவள். தெலுங்கு பேசினாள்.
தெரியாதவள், ஞானஸ்நானம் கேட்டாளா என்பது நிச்சயமில்லை,
கொடுத்தேன்.

எண்ணினேன். நாற்பத்தொன்று.
நிலமும் இல்லை, குடும்பமும் இல்லை.
கஞ்சித்தொட்டி வரைக்கும் வந்து சேர்ந்தவர்கள்,
சிலர் கஞ்சி வரைக்கும் சேரவில்லை.

அன்று மாலை ரேஷன் கடையில்
மிஷினில் விரல் வைத்தேன்.
மாங்காய்ப் பால் ரேகையைத் தின்றுவிட்டது.
வைக்கிறேன், துடைத்து வைக்கிறேன்,
பதியவில்லை, பதியவில்லை என்கிறது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
வரிசையில் நின்றவர்களுக்கு ஏனென்று தெரியாது.
கடைக்காரர் நாகோஜி கத்தினார்:
"நம்ம இஞ்ஞோத்தம்மாதாம்ப்பா, அரிசியப் போடு!"

பேரை மாற்றிக்கொள்கிறாயா என்று
சாமி ஒருநாள் கேட்டார், மெதுவாகத்தான் கேட்டார்.
நாற்பத்தைந்து வருஷம் திரும்பிப் பார்த்த பேர் சாமி,
வேறெதற்கும் கழுத்து திரும்பாது என்றேன்.

நவம்பர் இரண்டு.
சிமெண்டுக் கல்லறைகளில் சாமந்தி, சாம்பிராணி, சுண்ணாம்பு வாசம்.
வடக்கு மூலையில் புளியமரத்தடி சும்மா கிடக்கும்,
சிலுவை கிடையாது, மேடு கிடையாது,
பிள்ளைகள் அங்கேதான் பந்து விளையாடுவார்கள்.
"கொஞ்சம் தள்ளிப் போங்கடா" என்றேன்.
ஏன் என்று கேட்டவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
"ஆள் இருக்கு" என்றேன்.

பாக்கெட்டுக்குப் பன்னிரண்டு மெழுகுவத்தி,
நாலு பாக்கெட் வாங்கியிருந்தேன்.
காற்று அணைக்க அணைக்க ஏற்றினேன்.
தொம்மையப்பன் அங்கே வாசிக்கத் தொடங்கினார்,
அதே மூச்சில், அதே ராகத்தில்.
சாமி அவரிடம் இன்னும் சொல்லவில்லை போல.

மிச்சம் ஏழு.
மடியில் கட்டிக்கொண்டேன்,
கரண்ட் போனால் ஆகும்.