முழங்கால் தண்ணி

ஏல நோட்டீசில் தண்ணீருக்கு அளவு போடவில்லை.
ஊர்தான் வாயால் சேர்த்துக்கொண்டது:
முழங்கால் தண்ணி வரைக்கும் குத்தகைக்காரன்,
அதுக்குக் கீழே ஊருக்கு.
வெள்ளைக்கண்ணு சரியென்று தலையாட்டினான்.
அது கார்த்திகை. மடைக்கல் முங்கிக் கிடந்தது.

சித்திரை பிறந்து ஆறாம் நாள்
யாருடைய முழங்கால் என்று கேள்வி வந்தது.

பையன்கள் சோனைமுத்துவைக் கூட்டிவந்தார்கள்,
வாலிபால் ஆடுகிறவன், ஆறடிக்கு மேல்.
தண்ணீர் அவன் கெண்டைக்காலோடு நின்றுவிட்டது.
"பாத்துக்கிரும், வலையைச் சுருட்டும்."
வெள்ளைக்கண்ணு தன் மச்சினன் மகனை இறக்கினான்,
மூணாவது படிக்கிறது.
டவுசர் நனைந்தது.
கரையே சிரித்தது, அம்பலகாரரைத் தவிர.

லட்சத்து எழுபதாயிரம் கட்டியிருக்கேன் என்றான்.
குஞ்சு வாங்கி விட்டது, தவிடு, புண்ணாக்கு,
ராக்காவலுக்கு ரெண்டு ஆள்,
பொண்டாட்டி சங்கிலி மேலூர் அடகுக்கடையில்.
எல்லாம் நிசம்தான். சங்கிலி போன கழுத்தை
நானே பார்த்தேன்.
"கட்லா நீ விட்டது, சரி.
விரால் நீ விட்டியா? கெளுத்தி?
மழையைக் காசு குடுத்து வாங்கி ஊத்துனியா?"
கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். அதுவும் நிசம்தான்.

வீட்டுக் குழம்புக்குத்தான் கேக்குறோம் என்கிறது ஊர்.
போன தடவை குழம்புக்கு அள்ளினதில்
பதினெட்டுக் கிலோ அன்று சாயங்காலமே
பஸ் ஏறிக் கொட்டாம்பட்டி போனது.
நிறுத்துக் கொடுத்தவள் நான்.

தராசு பிடிப்பது என் வேலை.
விடியக் கருக்கலில் கூடைக்குக் கூடை எடை போட்டு
ஐஸ் தட்டி மூடி
கரிமேட்டு வண்டிக்கு ஏற்றிவிடுவேன்.
மூணு வாரக் கூலி வெள்ளைக்கண்ணு கையில் நிற்கிறது.

கடைசியில் ரெண்டு பக்கமும் என்னைத்தான் பார்த்தார்கள்.
நெட்டையும் இல்லை, குட்டையும் இல்லை.
அவனிடம் கூலி வாங்குகிறவள், ஊரில் வரி கொடுக்கிறவள்.
"ஆண்டிச்சி, நீ எறங்கு."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன்.
தண்ணீர் மேலே சூடு, அடியில் இன்னும் குளிர்ச்சி.
இந்தக் கண்மாயின் தரை எனக்குத் தெரியும்.
மடைக்கு இடப்பக்கம் பாறை.
அதில் நின்றால் முழங்காலுக்கு நாலு விரல் கீழே தண்ணீர்,
வலை இன்றைக்கே கரையேறணும்.
ரெண்டு எட்டு தள்ளினால் வண்டல்.
கால் புதையும், தண்ணீர் முட்டிக்கு மேலே ஏறும்,
அவனுக்கு இன்னும் பத்து நாள்.
கலங்கின தண்ணீருக்குள் என் பாதம் எதன்மேல் இருக்கிறதென்று
கரையில் இருக்கிற எவனுக்கும் தெரியாது.

புருசன் செத்த வருசம்
தலைக்கட்டு நோட்டில் என் பேருக்கு நேரே
அரை என்று எழுதினார்கள்.
வரியில் பாதி. நான் கேட்கவில்லை.
மீன் அழிக்கிற அன்று
தலைக்கட்டுக்கு ஒரு ஊத்தா, விடிந்ததும் இறங்கலாம்.
அரைக்கு, உச்சி சாய்ந்தபிறகு.
அதற்குள் முந்நூறு ஊத்தா குத்தி எடுத்திருக்கும்.
சேற்றைத் துழாவினால் நாலு குரவை,
ஒரு செருப்பு.

"என்ன ஆண்டிச்சி, எம்புட்டு இருக்கு?"

"சொல்றேன்.
அதுக்கு முன்னாடி அம்பலகாரர் சொல்லட்டும்,
நான் அரையா, முழுசா?"

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.
சோனைமுத்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
வெள்ளைக்கண்ணு பீடியைத் தேடினான்.
நோட்டை வைத்திருந்தவர் அதைத் திறந்தார்,
மூடினார்.
ஒரு அயிரைக் கூட்டம் வந்து
என் கணுக்காலைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

நின்றேன்.
சித்திரை வெயில்.
பதினொரு மணிக்கு முட்டியில் பட்டிருந்த ஈரக்கோடு
காய்ந்து வெளுத்துவிட்டது.
அதற்குக் கீழே இப்போது
இன்னொரு கோடு.